ஆயுதக் குழுக்களின் கொடியும் சின்னமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பரப்புரைப் படங்களை எப்படிப் பார்ப்பது என்று சில ஆண்டுகளாகப் பேசியும் எழுதியும் வருகிறேன். எங்கே பேசினாலும் முடிவில் வரும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். அவசரத்தில் பாதிப் பதில் சொல்லிவிட்டு வருவது உறுத்திக்கொண்டே இருந்தது. அதனால் கேட்டவர்களின் வார்த்தையிலேயே கேள்விகளை எழுதி, நிதானமாகப் பதில் தந்திருக்கிறேன்.

ஒன்றை முன்பே சொல்லிவிடுகிறேன். இங்கே பல குழுக்கள் அடுத்தடுத்து வருகின்றன. அவற்றின் காரணங்களும் செயல்களும் ஒன்றே என்று நான் சொல்லவில்லை. படத்தை அவை கையாளும் விதத்தை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

கொடி, சின்னம் எல்லாம் வெறும் அலங்காரம்தானே? இதில் ஆராய என்ன இருக்கிறது?

ஒரு படத்தைச் சொல்கிறேன். 1978 மார்ச் 16 அன்று இத்தாலியின் முன்னாள் பிரதமர் ஆல்டோ மோரோவை ‘ரெட் பிரிகேட்ஸ்’ என்ற தீவிர இடதுசாரி ஆயுதக் குழு கடத்தியது. அடுத்த மாதம் அவருடைய படம் ஒன்றை வெளியிட்டது. களைத்த முகம். கையில் ஏப்ரல் 19 தேதியிட்ட செய்தித்தாள். தலைக்குப் பின்னால் வட்டத்துக்குள் ஐந்துமுனை நட்சத்திரம் வரைந்த துணி. அவர் உயிரோடு இருக்கிறார் என்பதற்குச் செய்தித்தாள் சாட்சி. யார் கையில் இருக்கிறார் என்பதைத் துணி சொல்லிவிட்டது.

ஆனால் அந்தத் துணி இன்னொன்றையும் சொன்னது. அரசு அலுவலகங்களில் தலைவர்கள் கொடிக்கு முன்னால் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்வார்கள் அல்லவா? அதே அமைப்பில் ஒரு முன்னாள் பிரதமரைத் தங்கள் கொடிக்கு முன்னால் உட்கார வைத்தார்கள். அவரை அடைத்து வைத்த அறைக்கு ‘மக்கள் சிறை’ என்று பெயர் வைத்தார்கள். எங்களிடமும் சிறை உண்டு, விசாரணை உண்டு, நாங்களும் ஓர் அரசு என்று காட்டினார்கள். படையோ நிலமோ இல்லாத ஒரு சிறு கூட்டத்தை ஒரு துணியும் ஒரு கேமராவும் அவ்வளவு பெரிதாகக் காட்டின. மே 9 அன்று மோரோவின் உடல் ரோமில் ஒரு காரில் கிடந்தது. இதை அலங்காரம் என்று என்னால் சொல்ல முடியாது.

சின்னம், குறியீடு இரண்டும் ஒன்றா?

பேச்சில் மாற்றி மாற்றிச் சொல்கிறோம், தவறில்லை. இந்தப் பக்கத்தில், ஒரு குழு ‘இது நான்’ என்று அறிவிக்கப் பயன்படுத்தும் வடிவத்தைச் சின்னம் என்கிறேன். பார்ப்பவர் மனத்தில் ஏற்கெனவே ஒரு பொருள் இருந்து, அதைத் தூண்டிவிடும் உருவம், நிறம், சைகை எல்லாம் குறியீடு. சின்னத்தைத் தடை செய்யலாம். குறியீட்டை அப்படிச் செய்ய முடியாது, ஏனென்றால் அது எல்லோருக்கும் பொதுவானது. பின்னால் வரும் சிக்கல்களில் பாதி இந்த இடத்தில்தான் பிறக்கின்றன.

ஏன் எல்லாச் சின்னத்திலும் துப்பாக்கி? அதுவும் ஏ.கே.-47?

எல்லாவற்றிலும் இல்லை. ஸ்பெயினின் பாஸ்க் பகுதியில் இயங்கிய எட்டா அமைப்பின் சின்னம் கோடரியைச் சுற்றிய பாம்பு. கோடரி ஆயுதப் போராட்டம், பாம்பு அரசியல் சாதுரியம், இரண்டும் சேர்ந்தே போக வேண்டும் என்பது பொருள். தென்னாப்பிரிக்காவில் 1961 டிசம்பரில் தொடங்கிய, ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸின் ஆயுதப் பிரிவான உம்கோண்டோ வெ சிஸ்வே, ஈட்டியையும் கேடயத்தையும் எடுத்துக்கொண்டது. அந்தப் பெயருக்கே ‘தேசத்தின் ஈட்டி’ என்றுதான் பொருள். ஜெர்மனியின் தீவிர இடதுசாரிகளான செம்படைக் குழு சிவப்பு நட்சத்திரத்தின் மேல் எம்.பி.5 என்ற சிறு இயந்திரத் துப்பாக்கியை வைத்தது.

கலாஷ்னிகோவ் துப்பாக்கிக்கு ஒரு தனி இடம் உண்டு. மலிவானது, எளிதில் பழுதாகாது, காலனி ஆட்சிகளை எதிர்த்தவர்கள் பலர் கையில் இருந்தது. அதன் வளைந்த தோட்டாப் பெட்டியை நிழலாக வரைந்தால்கூட அடையாளம் தெரியும். லெபனானின் ஹிஸ்புல்லா அமைப்பின் மஞ்சள் கொடியில் அமைப்பின் பெயர் எழுத்திலிருந்தே ஒரு கை எழுந்து, அந்த மாதிரித் துப்பாக்கி ஒன்றைப் பிடித்திருக்கும். மொசாம்பிக்கில் அது நாட்டின் தேசியக் கொடியிலேயே இருக்கிறது, மண்வெட்டிக்கும் புத்தகத்துக்கும் பக்கத்தில்.

இதற்குள்ளேயே இன்னொரு நுணுக்கம். அல்-கைதா தலைவர் பின்லாடனின் காணொளிகளில் பக்கத்தில் சாய்த்து வைத்திருந்தது வழக்கமான ஏ.கே.-47 அல்ல. குழல் குட்டையான ஏ.கே.எஸ்.-74யு. ஆப்கானிஸ்தானில் சோவியத் வீரர்களை வீழ்த்திப் பிடுங்கிய பொருள் என்ற பெருமை அதற்கு இருந்தது. 2014 ஜூலையில் மோசூல் மசூதியில் கறுப்பு அங்கி, கறுப்புத் தலைப்பாகையோடு கலீஃபாவாக (முஸ்லிம்களின் ஆட்சித் தலைவராக) தோன்றிய, ஐ.எஸ். என்ற ‘இஸ்லாமிய அரசு’ அமைப்பின் தலைவர் அல்-பக்தாதி, நிலமெல்லாம் இழந்த பிறகு 2019 ஏப்ரலில் வந்த காணொளியில் தரையில் மெத்தையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அதே குட்டைத் துப்பாக்கி. ஆட்சியாளர் வேடம் கலைந்து மறைந்திருந்து போராடுபவர் வேடம் வந்துவிட்டது என்பதை அவர் வாய் திறக்கும் முன்பே அந்த அறை சொல்லிவிட்டது.

கறுப்புக் கொடி என்றாலே ஐ.எஸ். தானே?

இல்லை. கறுப்புக் கொடிக்கு வயது அதிகம். எட்டாம் நூற்றாண்டின் நடுவில் உமையா கலீஃபாக்களை வீழ்த்தி ஆட்சிக்கு வந்த அப்பாசியர்கள் கறுப்புக் கொடி பிடித்துத்தான் வந்தார்கள். கறுப்பு துக்கத்தின் நிறம், எதிர்ப்பின் நிறம், ஐரோப்பாவில் அராஜகவாதிகளின் நிறமும் கூட.

ஐ.எஸ். கொடியை நெருங்கிப் பாருங்கள். மேலே இருப்பது ‘இறைவனைத் தவிர வேறு இறைவன் இல்லை’ என்ற உறுதிமொழியின் அரபு வரி. உலகின் எல்லா முஸ்லிம்களுக்கும் பொதுவான வரி இது. சவூதி அரேபியாவின் பச்சைக் கொடியிலும் தாலிபான்களின் வெள்ளைக் கொடியிலும் இருக்கிறது. கீழே வெள்ளை வட்டத்துக்குள் மூன்று சொற்கள், கீழிருந்து மேலாகப் படித்தால் ‘முகம்மது, தூதர், அல்லாஹ்வின்’. நபிகள் நாயகத்தின் முத்திரை என்று மரபு சொல்லும் வடிவம் அது. எழுத்து வேண்டுமென்றே கரடுமுரடாக இருக்கும். அழகான அரபு எழுத்துக்கலை வந்ததெல்லாம் பிற்காலம், நாங்கள் ஆதிகாலத்திலிருந்து நேராக வருகிறோம் என்ற பாவனை. ஆனால் அந்தக் கொடி ஈராக்கில் வெளிவந்தது 2006-07 வாக்கில்தான்.

அதனால் அரபு எழுத்துள்ள ஒரு கறுப்புத் துணியைப் பார்த்ததும் முடிவுக்கு வராதீர்கள். கேட்க வேண்டியது, அந்த வட்ட முத்திரை இருக்கிறதா, யார் கையில், எந்த இடத்தில் என்பதைத்தான்.

ஆள்காட்டி விரலை உயர்த்திக் காட்டுபவர்கள் எல்லாம் அவர்களுடைய ஆதரவாளர்களா?

கண்டிப்பாக இல்லை. இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். தொழுகையில் அமர்ந்திருக்கும்போது அந்த விரலை உயர்த்துவது வழக்கம். இறைவன் ஒருவன் என்பதே பொருள். கோல் அடித்த கால்பந்து வீரர் அதையே செய்கிறார். ஐ.எஸ். தன் படங்களில் இதைத் திரும்பத் திரும்பக் காட்டியதால், அந்தப் படங்களை மட்டும் பார்த்தவர்களுக்கு விரல் என்றாலே அவர்கள்தான் என்று பதிந்துவிட்டது. கோடிக்கணக்கானவர்களின் வழிபாட்டுச் சைகையை ஒரு குழுவுக்கு நாமே பட்டா போட்டுக் கொடுத்த மாதிரி ஆகிவிடுகிறது. அந்தக் குழுவும் அதைத்தான் விரும்புகிறது.

சிங்கம், புலி, பாம்பு என்று ஏன் இத்தனை விலங்குகள்?

விலங்குக்கு விளக்கம் தேவையில்லை என்பதால். ஆங்கிலம் தெரியாதவரும் எழுதப் படிக்கத் தெரியாதவரும் சிங்கத்தைப் புரிந்துகொள்வார்கள். அமெரிக்க ராணுவக் கல்லூரியான வெஸ்ட் பாயிண்டின் ஆய்வு மையம் 2006 இல் ஜிகாதிக் குழுக்களின் பரப்புரைப் படங்களில் திரும்பத் திரும்ப வரும் உருவங்களைத் தொகுத்து விளக்கியது. சிங்கம், குதிரை, வாள், நிலவு, நீர், மலர் என்று வரிசை நீளும். குதிரையும் வாளும் இன்றைய போருக்கு எதற்கு? முதல் தலைமுறை வீரர்களின் காலத்தைக் கண்முன் கொண்டுவரத்தான்.

கடன் வாங்குவதில் எல்லை கிடையாது. 1974 இல் கலிஃபோர்னியாவில் ‘சிம்பியனீஸ் விடுதலைப் படை’ என்று ஒரு சிறு கூட்டம் இருந்தது. அவர்கள் சின்னம் ஏழுதலை நாகம். கோயில்களிலும் விகாரைகளிலும் காவல் தெய்வமாகப் படமெடுத்து நிற்கும் அதே உருவம். ஆனால் ஏழு தலைக்கும் அவர்கள் சொன்ன பொருள், ஆப்பிரிக்க அமெரிக்கர்களின் குவான்சா விழாவின் ஏழு கொள்கைகள். அயர்லாந்தில் ஐ.ஆர்.ஏ. (ஐரிஷ் குடியரசுப் படை) என்ற ஆயுதக் குழுவின் ஒரு பிரிவு ஃபீனிக்ஸ் பறவையை எடுத்தது. 1969 இல் பெல்ஃபாஸ்டில் எரிக்கப்பட்ட ஒரு கத்தோலிக்கத் தெருவின் சாம்பலிலிருந்து எழுந்தோம் என்பது அதன் பொருள். இந்த இடத்தில் கதை கொஞ்சம் உண்மையோடு ஒட்டியிருந்தது. அதனால்தான் அது நின்றது.

விடுதலைப் புலிகளின் சின்னங்களை எப்படிப் புரிந்துகொள்வது?

தமிழில் எழுதும்போது இதைத் தாண்டிப் போக முடியாது. தயங்கித் தயங்கித்தான் கேட்பார்கள். கேட்பவர் வீட்டில் யாரோ இறந்திருக்கலாம் என்ற நினைவோடுதான் நானும் பதில் சொல்வேன்.

தோட்டாக்கள் சூழ்ந்த வட்டத்திலிருந்து பாயும் புலித்தலை, பின்னால் குறுக்காக இரண்டு துப்பாக்கிகள். புலி சோழரின் கொடியிலிருந்து வந்தது. இலங்கையின் தேசியக் கொடியில் வாளேந்திய சிங்கம் இருப்பதால், சிங்கத்துக்கு எதிரே புலி என்று ஒரே பார்வையில் கதை முடிந்துவிடுகிறது. ஆயிரம் ஆண்டு இடைவெளியும் அதற்குள் நடந்த அத்தனை கலப்பும் உறவும் படத்தில் இல்லாமல் போகின்றன. கார்த்திகைப் பூவை 2003 இல் தேசிய மலராக அறிவித்தார்கள். அதன் சிவப்பும் மஞ்சளும் கொடியின் நிறங்கள். மாவீரர் நாள் வரும் பருவத்தில் பூப்பது. வெட்சி, தும்பை, வாகை என்று போரின் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பூவைச் சூடிய புறப்பாடல் மரபைப் படித்தவர்களுக்கு அது புதிதாகவே தோன்றாது.

எனக்கு மிகவும் அழுத்தமாகப் படுவது சொற்களும் படமும் சேர்ந்த இடம். 1982 நவம்பர் 27 அன்று இறந்த முதல் போராளியின் நினைவாக 1989 முதல் மாவீரர் நாள் நடந்தது. இந்துக் குடும்பங்களில் எரிப்பது வழக்கமாக இருந்தும், போராளிகளைப் புதைத்தார்கள். உடலுக்கு ‘வித்துடல்’ என்று பெயர், புதைப்பதற்கு ‘விதைத்தல்’, கல்லறைத் தோட்டத்துக்குத் ‘துயிலும் இல்லம்’. ஒரே அளவுக் கல்லறைகள், வரிசை வரிசையாகச் சுடர்கள். நடுகல் மரபும் நவீனப் படைக் கல்லறையும் ஒன்றானது போல. இறந்தவர் விதை என்று ஏற்றுக்கொண்டுவிட்டால், அடுத்து முளைக்க வேண்டியவர் யார் என்ற கேள்விக்கு விடையும் அதிலேயே இருக்கிறது. சேர்க்கப்பட்ட சிறுவர்களும், 1990 இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களும் அந்தச் சுடர் வெளிச்சத்தில் தெரிவதில்லை.

அதோடு இதையும் சொல்ல வேண்டும். 2009க்குப் பிறகு துயிலும் இல்லங்கள் இடித்து நிரவப்பட்டன. கோப்பாயில் அந்த இடத்திலேயே ராணுவத் தலைமையகம் கட்டப்பட்டது. அமைப்புக்கு அது ஒரு சின்னம். ஒரு தாய்க்கு அது பிள்ளையைப் புதைத்த இடம். இரண்டையும் பிரித்துப் பார்க்க மறுத்ததால், விளக்கேற்ற ஓர் இடம் இல்லாமல் போனவர்கள் பல்லாயிரம் பேர்.

இறந்தவர்களின் படத்தை ஏன் இவ்வளவு அழகாகப் போடுகிறார்கள்?

மரணத்தைப் பார்க்கவிடாமல் செய்ய. ஈரானில் தியாகியின் இரத்தத்திலிருந்து துலிப் மலர் முளைக்கும் என்ற பழைய படிமம் புரட்சிக்குப் பின் சுவரொட்டிகளை நிறைத்தது. 1980 இல் வந்த தேசியக் கொடியின் நடுச்சின்னமும் துலிப் வடிவம்தான். அயர்லாந்துக் குடியரசுவாதிகள் இறந்த போராளிகளின் நினைவாக 1926 முதல் ஈஸ்டர் லில்லி மலரைச் சட்டையில் குத்திக்கொள்கிறார்கள். பாலஸ்தீனச் சுவரொட்டிகளில் இளைஞனின் முகத்துக்குப் பின்னால் ஜெருசலேமின் பாறைக் குவிமாடம் பொன்னிறமாக ஒளிரும். பெல்ஃபாஸ்டின் ஃபால்ஸ் சாலையில் ஒரு சுவரோவியத்தில் ஐ.ஆர்.ஏ. போராளி பாபி சாண்ட்ஸ் சிரித்துக்கொண்டிருக்கிறார். சிறையில் 66 நாள் பட்டினி கிடந்து 1981 மே 5 அன்று இறந்த உடல் அப்படி இருந்திருக்காது.

சே குவேராவின் புகழ்பெற்ற படத்தையும் இதோடு சேர்த்துக்கொள்ளலாம். 1960 மார்ச் 5 அன்று ஒரு கப்பல் வெடிப்பில் இறந்தவர்களுக்கான நினைவுக் கூட்டத்தில் அல்பர்ட்டோ கோர்டா எடுத்தது. மூலப் படத்தில் ஒரு பக்கம் வேறொருவரின் முகம், இன்னொரு பக்கம் பனை ஓலை. இரண்டையும் வெட்டி எடுத்ததும் கூட்டத்தில் நின்ற ஒரு மனிதர் காலத்துக்கு வெளியே போய்விட்டார். 1967 இல் அவர் இறந்த பிறகுதான் அது உலகச் சுவர்களில் ஏறியது. இப்படிப்பட்ட படம் எதைப் பார்த்தாலும், வெட்டிய ஓரத்தில் என்ன இருந்திருக்கும் என்று யோசிப்பது என் பழக்கம்.

முகமூடி போடுவது மாட்டிக்கொள்ளாமல் இருக்கத்தானே?

முதலில் அதற்குத்தான். அப்புறம் அதுவே பேசத் தொடங்கிவிடுகிறது. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் இஸ்ரேலிய வீரர்களைப் பாலஸ்தீன ஆயுதக் குழு பிணையாகப் பிடித்தபோது பால்கனியில் எட்டிப் பார்த்த முகமூடி உருவம் ஒரு தலைமுறைக்கே அச்சத்தின் முகமாகியது. மெக்சிகோவில் 1994 ஜனவரி 1 அன்று பழங்குடி மக்களின் உரிமை கேட்டு ஆயுதம் ஏந்தி எழுந்த சபாட்டிஸ்டாக்கள் அதே கம்பளி முகமூடியை வேறு பொருளில் அணிந்தார்கள்: முகத்தை மூடிய பிறகுதான் எங்களைப் பார்த்தீர்கள் என்று. 1995 பிப்ரவரியில் அரசு அவர்களுடைய பேச்சாளர் மார்கோஸின் அடையாளத்தை வெளியிட்டது. தெருவுக்கு வந்த மக்கள் ‘நாங்கள் எல்லோரும் மார்கோஸ்’ என்று முழங்கினார்கள். முகம் யாருடையது என்பது அதற்குள் முக்கியமில்லாமல் போயிருந்தது.

பிணைக்கைதிகளுக்கு ஆரஞ்சு உடை ஏன்?

2002 ஜனவரியில் கியூபாவிலுள்ள அமெரிக்காவின் குவாண்டனாமோ சிறையில் மண்டியிட்டிருந்த கைதிகள் ஆரஞ்சு உடையில் இருந்தார்கள். அமெரிக்கப் பாதுகாப்புத் துறையே வெளியிட்ட படங்கள் அவை. 2004 இல் ஈராக்கிலும் 2014 இல் சிரியாவிலும் ஜிகாதிக் குழுக்கள் பிணைக்கைதிகளுக்கு அதே நிற உடையை மாட்டிக் கொன்றன. நீங்கள் செய்ததை உங்களுக்கே செய்கிறோம் என்று ஒரு வார்த்தை இல்லாமல் சொல்லும் உத்தி. பழிவாங்கலை நீதி போலக் காட்டுவதுதான் அந்த நிறத்தின் வேலை. உடைக்குள் இருந்தவர்கள் பத்திரிகையாளர்கள், உதவிப் பணியாளர்கள், ஒப்பந்த வேலைக்கு வந்தவர்கள். குவாண்டனாமோவோடு அவர்களுக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை.

எதிரியின் படத்தைத் திருப்பிப் போடுவதற்கு இரத்தம் சிந்தாத எடுத்துக்காட்டும் உண்டு. 2021 ஆகஸ்டில் தாலிபானின் பத்ரி 313 பிரிவினர் அமெரிக்க வீரர்களைப் போலவே உடுத்திக்கொண்டு, 1945 இல் ஜப்பானின் இவோ ஜிமா தீவில் அமெரிக்கர்கள் கொடி நட்ட படத்தின் அதே நிலையில் தங்கள் வெள்ளைக் கொடியை நட்டார்கள். 313 என்பது பத்ர் போரில் நபிகளோடு நின்றவர்களின் எண்ணிக்கை. ஒரே படத்தில் ஏழாம் நூற்றாண்டும் இருபதாம் நூற்றாண்டும்.

சுவரில் வரைவதற்கும் இணையத்தில் போடுவதற்கும் என்ன வித்தியாசம்?

சுவர், இடத்தைச் சொந்தம் கொண்டாடுகிறது. பெல்ஃபாஸ்டில் நடைபாதை ஓரக் கற்களின் நிறத்தைப் பார்த்தே யாருடைய தெரு என்று சொல்லிவிடலாம். சிவப்பு வெள்ளை நீலம் என்றால் பிரிட்டனோடு இருக்க விரும்புபவர்கள், பச்சை வெள்ளை ஆரஞ்சு என்றால் அயர்லாந்தோடு சேர விரும்புபவர்கள். பெருவில் ‘ஒளிரும் பாதை’ என்ற மாவோயிச இயக்கம் மின்கோபுரங்களைத் தகர்த்து லிமாவை இருட்டாக்கிவிட்டு, நகரைப் பார்த்த குன்றுகளில் தீயால் அரிவாள் சுத்தியல் வடிவை எரியவிட்டது. வீட்டுக்குள் மெழுகுவத்தியோடு உட்கார்ந்திருப்பவருக்கு ஜன்னலில் தெரிவது அது ஒன்றுதான். இணையத்தில் அப்படி ஓர் இடத்தைப் பிடிக்க முடியாது. பார்ப்பவரின் கவனத்தைத்தான் பிடிக்க வேண்டும்.

இவையெல்லாம் பரம்பரையாக வந்த பழைய சின்னங்கள்தானே?

பழையது போலத் தோன்ற வைப்பதுதான் வேலையே. அமெரிக்காவின் வெள்ளை இனவெறிக் கூட்டமான கூ க்ளக்ஸ் க்ளானின் எரியும் சிலுவை நல்ல எடுத்துக்காட்டு. 1860களில் இருந்த முதல் க்ளான் சிலுவை எரிக்கவே இல்லை. 1905 இல் வந்த ஒரு நாவலில் கற்பனையாக வந்தது, 1915 இல் அதிலிருந்து எடுத்த மௌனப் படத்தில் திரையில் எரிந்தது. அதே ஆண்டு நவம்பரில் ஜார்ஜியாவின் ஸ்டோன் மலை மேல் க்ளானை மீண்டும் தொடங்கியவர்கள் நிஜமாகவே ஒன்றை எரித்தார்கள். பிறகு அது ‘மரபு’ ஆகிவிட்டது. ஐ.எஸ். கொடியின் வயது பற்றி மேலே சொன்னதையும் இங்கே நினைவில் வையுங்கள்.

அப்படியானால் ஸ்வஸ்திகா? அதை நாங்கள் வாசலில் போடுகிறோமே!

போடுங்கள். இந்து, சமண, பௌத்த மரபுகளில் அது மங்கலம், பல ஆயிரம் ஆண்டுகளாக. நாஜிக் கட்சி 1920 இல் எடுத்தது ஒரு முழு அமைப்பை: சிவப்புத் துணி, வெள்ளை வட்டம், சாய்ந்த கறுப்புச் சின்னம். மூன்றும் பழைய ஜெர்மன் பேரரசுக் கொடியின் நிறங்கள். ஜெர்மன் மொழியில் அதற்குப் பெயரே வேறு, ‘கொக்கிச் சிலுவை’ என்று பொருள். சாய்வை மட்டும் வைத்துப் பிரிக்கலாம் என்று சிலர் சொல்வது சரிப்படாது, நேராக நின்றதையும் நாஜிகள் பயன்படுத்தியிருக்கிறார்கள். நிறம், வட்டம், பக்கத்தில் என்ன இருக்கிறது என்று சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். அதே நேரம், வதைமுகாமில் குடும்பத்தை இழந்த ஒருவர் அந்த வடிவத்தைப் பார்த்துத் துணுக்குற்றால், அவரிடம் வரலாற்றுப் பாடம் நடத்தத் தொடங்கிவிடாதீர்கள். அந்த நேரத்தில் அவர் வலிதான் முதலில்.

எண், சட்டை எல்லாம்கூட சின்னம் என்கிறார்களே. மிகைப்படுத்தல் இல்லையா?

சில நேரம் மிகைதான். ஆனால் அடிப்படை உண்டு. வெளிப்படையான சின்னம் தடையாகும் இடத்தில் மறைமுகமானது முளைக்கும். 88 என்றால் ஆங்கில எழுத்து வரிசையில் எட்டாவது எழுத்து இரண்டு முறை, அதாவது ஹிட்லருக்கு வணக்கம் சொல்லும் வாசகத்தின் முதலெழுத்துகள். 2020 இல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் வர வேண்டும் என்று பேசிய ‘பூகலூ’ கூட்டத்தினர் பூப்போட்ட ஹவாய்ச் சட்டைகளில் துப்பாக்கியோடு வந்தார்கள். கண்காணிப்பில் சிக்காமல் இருக்க அந்தச் சொல்லின் ஓசையை ஹவாய் விருந்தைக் குறிக்கும் சொல்லாகத் திரித்ததில் பிறந்தது அந்தச் சட்டை.

88 என்று பெயருக்குப் பின்னால் போட்டிருப்பவர் 1988 இல் பிறந்தவராக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஒற்றைக் குறியை வைத்து யாரையும் முத்திரை குத்தாதீர்கள். இரண்டு மூன்று குறிகள், ஒரே பேச்சு, ஒரே கூட்டம் என்று சேரும்போதுதான் அதற்குப் பொருள் வருகிறது.

அரசுகளும் இதையேதானே செய்கின்றன? நேற்றைய தீவிரவாதி இன்று தலைவர் ஆவதில்லையா?

இரண்டுக்கும் ஆம். உம்கோண்டோ தொடங்கிய டிசம்பர் 16 இன்று தென்னாப்பிரிக்காவில் நல்லிணக்க நாள், பொது விடுமுறை. மொசாம்பிக் கொடியை ஏற்கெனவே பார்த்தோம். 1992 செப்டம்பரில் ‘ஒளிரும் பாதை’ தலைவர் குஸ்மானைப் பிடித்த பெரு அரசு, பட்டைக் கோடு போட்ட கைதி உடையில், இரும்புக் கூண்டுக்குள் நிறுத்திப் பத்திரிகையாளர்களுக்குக் காட்டியது. சுவரொட்டிகளில் கண்ணாடி அணிந்து புத்தகத்தோடு சூரியன் போல நின்றவரை விலங்காகக் காட்டும் எதிர்ப்படம் அது.

சின்னத்தைப் படிக்கத் தெரிந்தால், யார் பக்கம் நியாயம் என்று தெரிந்துவிடாது. அதற்கு வரலாறு படிக்க வேண்டும், பாதிக்கப்பட்டவர்கள் சொல்வதைக் கேட்க வேண்டும். படம் நம்மை அந்த வேலையிலிருந்து தப்பிக்கவிடுகிறது. என் கவலை முழுவதும் அதுதான்.

கண்டிப்பதற்காக அந்தப் படத்தைப் பகிர்ந்தால் தப்பா?

சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். ஜெர்மனியில் தண்டனைச் சட்டத்தின் 86ஏ பிரிவு தடைசெய்த அமைப்புகளின் சின்னங்களைக் காட்டுவதைக் குற்றம் என்கிறது. கல்வி, ஆய்வு, கலை, செய்திக்கு விலக்கு உண்டு. ஸ்வஸ்திகாவைக் குறுக்கே அடித்துக்காட்டும் நாஜி எதிர்ப்பு வில்லைகள் குற்றமா என்ற வழக்கே நடந்து, 2007 இல் உச்ச நீதிமன்றம் குற்றமில்லை என்றது. அமெரிக்காவில் கொடி பிடிப்பது உரிமை, ஆனால் மிரட்டும் நோக்கத்தோடு சிலுவை எரிப்பதைத் தடை செய்யலாம் என்று 2003 இல் தீர்ப்பு வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் பயங்கரவாத உள்ளடக்கத்தை, உத்தரவு வந்த ஒரு மணி நேரத்தில் தளங்கள் நீக்க வேண்டும்.

சட்டத்தை விடுங்கள். 2019 மார்ச் 15 அன்று நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகர மசூதிகளில் கொன்றவன் அதை நேரலையில் ஒளிபரப்பினான். முதல் 24 மணி நேரத்தில் ஃபேஸ்புக் மட்டும் 15 லட்சம் பிரதிகளை நீக்கியது. பதிவேற்றியவர்களில் அதிர்ச்சியில் பகிர்ந்தவர்களும் இருந்தார்கள். அவர்களும் அவன் கேமராவைத் தூக்கிக்கொண்டு நடந்தவர்கள் ஆனார்கள். கண்டிக்க வேண்டுமா, எழுதுங்கள். படம் அவசியம் என்றால் குழு எடுத்த கோணத்தைத் தவிருங்கள், சின்னத்தை வெட்டுங்கள், பாதிக்கப்பட்டவரின் நல்ல நாள் படத்தைப் போடுங்கள்.

அப்படியானால் எல்லாவற்றையும் தானாகவே நீக்கிவிட்டால் என்ன?

பெரிய நிறுவனங்கள் சேர்ந்து, நீக்கிய படங்களின் ‘விரல்ரேகை’யைப் பொதுவாக வைத்திருக்கின்றன. அதே கோப்பு மீண்டும் வந்தால் தடுக்கிறது. பயனுள்ளதுதான். ஆனால் இயந்திரத்துக்குக் கறுப்புக் கொடி தெரியும், அதைப் பிடித்திருப்பது கொலைகாரனா, கொலையைப் பதிவு செய்யும் சாட்சியா என்பது தெரியாது. 2017 இல் யூடியூபின் தானியங்கி நீக்கத்தில் சிரியப் போர்க்குற்றங்களுக்குச் சான்றாகச் சேர்த்து வைத்த காணொளிகளும் போய்விட்டன. சிலவற்றைத்தான் மீட்க முடிந்தது.

மனிதர்களுக்குமே இது குழம்பும். 2016 மே மாதம் வட சிரியாவில் அமெரிக்கச் சிறப்புப் படையினர் சிலர் குர்தியப் போராளிகளின் துணிச்சின்னத்தைத் தோளில் ஒட்டியிருந்த படம் வெளிவந்தது. கூடப் போரிடுபவர்களோடு தோழமை என்று அவர்கள் நினைத்தார்கள். துருக்கிக்கு அது பயங்கரவாதச் சின்னம். கழற்றச் சொல்லி உத்தரவு வந்தது.

என் தம்பி இப்படிப் படங்களைச் சேர்த்து வைத்திருக்கிறான். போலீஸுக்குச் சொல்லவா, திட்டவா?

இந்தக் கேள்வி எப்போதும் கூட்டம் கலைந்த பிறகுதான் வரும், தாழ்ந்த குரலில். ஆயுதம், திட்டம், தேதி, இன்னாரைச் செய்யப் போகிறேன் என்ற பேச்சு என ஏதாவது இருந்தால் தயங்காமல் உதவி தேடுங்கள், அன்றைக்கே. அப்படி எதுவும் இல்லை, படங்கள் மட்டும்தான் என்றால் பிடுங்கி அழிப்பதில் பயனில்லை. ரகசியம் அந்தப் படத்துக்கு இன்னும் மதிப்பைக் கூட்டும்.

பக்கத்தில் உட்கார்ந்து, எந்தப் படம் உனக்கு மிகவும் பிடிக்கும் என்று கேளுங்கள். பதில் பெரும்பாலும் கொள்கையாக இருக்காது. வரிசையாக நிற்கிறார்கள், ஒருவருக்கொருவர் இருக்கிறார்கள், யாருக்கும் பயப்படவில்லை என்பது மாதிரி இருக்கும். அவனுக்கு எது குறைகிறது என்று அங்கே தெரிந்துவிடும். அப்புறம் அதே படத்தை இருவரும் சேர்ந்து பாருங்கள்: யார் எடுத்தது, கேமரா ஏன் கீழிருந்து பார்க்கிறது, ஓரத்தில் என்ன வெட்டுப்பட்டிருக்கிறது, வரிசையில் நிற்பவர்களில் எத்தனை பேர் அடுத்த ஆண்டு உயிரோடு இருந்தார்கள். பதிலை நீங்கள் சொல்லிவிடாதீர்கள். அவனே தேடட்டும். மறுநாள் மீண்டும் பக்கத்தில் போய் உட்காருங்கள்.